அமெரிக்கக் குடியுரிமையும் உறுதிமொழி விழாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரத்தில் பெற்றோர் நாங்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்போம். நான் உறுதிமொழி எடுத்துவிட்டு வந்த வாரத்திலிருந்து அங்கே என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேருக்குப் பத்து தடவை சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

நான் வழக்கறிஞர் இல்லை. கைது, வழக்கு, வரி பாக்கி, விசா காலம் முடிந்தும் தங்கியது என்று ஏதாவது இருந்தால், அது எவ்வளவு பழையதாக இருந்தாலும் சரி, விண்ணப்பிப்பதற்கு முன்பே குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். அந்தச் செலவில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கிரீன் கார்டு வந்து எத்தனை வருஷம் கழிச்சு அப்ளை பண்ணலாம்?

பொதுவாக 5 வருடம். அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து, அவரோடு சேர்ந்து வாழ்ந்து வந்தால் 3 வருடம். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். அந்தக் கெடு முடிய 90 நாள் இருக்கும்போதே என்-400 என்ற விண்ணப்பத்தை அனுப்பலாம். கார்டில் எந்தத் தேதியிலிருந்து நிரந்தரவாசி என்று அச்சிட்டிருக்கும், அதுதான் கணக்கு. அங்கே 2021 மார்ச் 10 என்று இருந்தால், 2025 டிசம்பர் 10-லிருந்து அனுப்பலாம். ஒருநாள் முந்தினாலும் நிராகரித்துவிடுவார்கள் என்பதால் இரண்டு மூன்று நாள் தள்ளியே அனுப்புங்கள்.

"ஹெச்-1பி வேலை விசாவில் பன்னிரண்டு வருஷம் இருந்தேனே, அது?" என்று ஒவ்வொரு வாரமும் யாராவது கேட்கிறார்கள். அது சேராது. இந்தியாவில் பிறந்தவர்கள் கிரீன் கார்டு வரிசையில் நின்ற வருடங்கள் எத்தனை என்றாலும் இந்தக் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை. இதைச் சொல்லும்போது எனக்கே மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நடுவுல அம்மாவுக்கு முடியலன்னு ஊருக்குப் போய் ஏழு மாசம் இருந்துட்டேன். பிரச்சினை ஆகுமா?

இதில் இரண்டு கணக்கு இருக்கிறது, பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது, 5 வருடத்தில் குறைந்தது 30 மாதம் உடம்போடு இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும் (3 வருட வழியில் 18 மாதம்). இரண்டாவது, தொடர்ந்து இங்கேதான் குடியிருந்தீர்களா என்பது. ஒரே பயணத்தில் 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், தொடர்ச்சி அறுந்துவிட்டது என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்: வேலையை விடவில்லை, வீட்டு வாடகையோ கடன் தவணையோ கட்டிக்கொண்டே இருந்தேன், கணவரும் பிள்ளைகளும் இங்கேதான் இருந்தார்கள், இந்த நாட்டுவாசியாகவே வரிக்கணக்குத் தாக்கல் செய்தேன் என்று தாள்களோடு. அம்மாவின் மருத்துவமனைத் தாள்களையும் சேர்த்து வையுங்கள்.

ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் தொடர்ச்சி அறுந்தேவிடும். வேலைக்காக முன்கூட்டியே அனுமதி வாங்கிய சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. மறுநுழைவு அனுமதி வாங்கிப் போனேனே என்பார்கள். அது கிரீன் கார்டைத்தான் காப்பாற்றும். குடியுரிமைக் கணக்கைக் காப்பாற்றாது.

எவ்வளவு செலவு? எவ்வளவு நாள்?

2024 ஏப்ரலில் வந்த கட்டணப்படி இணையத்தில் விண்ணப்பித்தால் 710 டாலர், தாளில் என்றால் 760. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 380 டாலர் என்ற சலுகையும் உண்டு, ஆனால் அதற்குத் தாளில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாள் கணக்கு அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். பக்கத்து மாநிலத்தில் இருக்கும் தம்பிக்கு நாலு மாதத்தில் முடிந்ததே என்று உங்கள் தேதியை ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள். இடையில் கிரீன் கார்டு காலாவதியானால், என்-400 ரசீதே அதை 24 மாதம் நீட்டித்துத் தருகிறது.

பரீட்சை மாறிடுச்சாமே? 100 கேள்வியா, 128-ஆ?

2025 அக்டோபர் 20 அன்றோ அதற்குப் பிறகோ விண்ணப்பித்தவர்களுக்கு, அமெரிக்க வரலாறு, அரசியல் பற்றிய 128 கேள்விகள் கொண்ட புதிய பட்டியல். அதிலிருந்து 20 வரை கேட்பார்கள், 12 சரியாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன் விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய 100 கேள்விப் பட்டியல்தான்: 10 கேட்டு 6 சரி. எல்லாம் வாய்மொழிதான். அது போக ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்களில் ஒன்றைச் சரியாக வாசிக்க வேண்டும், மூன்றில் ஒன்றைச் சொல்லக் கேட்டு எழுத வேண்டும். தவறினால் 60 முதல் 90 நாளுக்குள் இன்னொரு வாய்ப்பு, தவறிய பகுதிக்கு மட்டும்.

படித்தவர்கள் தடுமாறுவது இந்தப் பட்டியலில் இல்லை. நேர்காணலில் அதிகாரி உங்கள் என்-400 விண்ணப்பத்தையே வரிவரியாகக் கேட்பார். எப்போதாவது குடிமகன் என்று பொய்யாகச் சொல்லிக்கொண்டதுண்டா, ஓட்டுப் போட்டதுண்டா, பயங்கரவாத அமைப்பில் இருந்ததுண்டா என்று. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று திருப்பிக் கேட்கவும் செய்வார். தலையாட்டிக்கொண்டே "நோ, நோ" என்று போனவர் ஒருவர் "எஸ்" சொல்ல வேண்டிய இடத்திலும் "நோ" சொல்லிவிட்டு வந்து வருத்தப்பட்டார். "தேவைப்பட்டால் இந்த நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவீர்களா?" என்ற கேள்வி அது. விண்ணப்பத்தை வீட்டில் சத்தம் போட்டு இரண்டு முறையாவது வாசித்துவிட்டுப் போங்கள்.

அப்பாவுக்கு 68 வயசு. இங்கிலீஷ் வராது. தமிழ்லயே பதில் சொல்லலாமா அக்கா?

வயது மட்டும் போதாது. கிரீன் கார்டு வாங்கி எத்தனை வருடம் ஆனது என்பதும் வேண்டும். விண்ணப்பிக்கும்போது வயது 50-க்கு மேல், கிரீன் கார்டில் 20 வருடம்; அல்லது 55-க்கு மேல், 15 வருடம்: இவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு இல்லை. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தமிழிலேயே வரலாறு, அரசியல் கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம். 65-க்கு மேல், 20 வருடம் என்றால் படிக்க வேண்டியதும் 20 கேள்விதான். 10 கேட்டு 6 சரி.

நம் வீடுகளில் சிக்கல் என்னவென்றால், பெற்றோர் அறுபதுக்கு மேல்தான் இங்கே வருகிறார்கள். 68 வயதில் கிரீன் கார்டு 5 வருடம் என்றால் இந்தச் சலுகை எதுவும் பொருந்தாது. மறதி நோய், பக்கவாதம் போன்றவற்றால் கற்றுக்கொள்ள முடியாதவர் என்றால் மருத்துவர் நிரப்பும் என்-648 என்ற படிவம் இருக்கிறது. வெறும் வயோதிகம் அதில் காரணமாகாது. அப்படி ஒன்றும் இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். வாசிக்கவும் எழுதவும் வரும் சொற்களின் பட்டியலையே அரசு வெளியிட்டிருக்கிறது. எங்கள் தாழ்வாரத்தில் ஒரு தாத்தா, பேரனின் நான்கு கோடு நோட்டில் ஒரு வாக்கியம் பேரன் சொல்ல, ஒரு வாக்கியம் தானே பார்த்து என்று மூன்று மாதம் எழுதினார். தேறிவிட்டார்.

பேருதான் எனக்குத் தலைவலி. பாஸ்போர்ட்ல சர்நேம் காலி. விசாவுல எஃப்என்யுன்னு அடிச்சுட்டாங்க. இப்ப மாத்திக்கலாமா?

மாற்றலாம், கூடுதல் கட்டணமும் இல்லை. குடியுரிமை தரும் இந்த ஒரு கட்டத்தில்தான் இது இவ்வளவு சுலபமாக நடக்கும். குடும்பப் பெயர் இல்லாத நமக்கு இது உண்மையிலேயே பெரிய விஷயம். ஊரில் அப்பா பெயரின் முதலெழுத்தோடு நிம்மதியாக இருந்தோம். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் இங்கே அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, சொந்தப் பெயர் இடத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதற்கான எஃப்என்யு என்ற மூன்றெழுத்தைப் போட்டுவிடுகிறார்கள். பல் மருத்துவமனையில் "எஃப்னூ" என்று கூப்பிட்டால் எழுந்து போகப் பழகிப்போனவர்கள் நம்மில் எத்தனை பேர்!

என்-400-இல் பெயர் மாற்றம் வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். அங்கே புதுப் பெயரை எழுத வேண்டும். பெயரை மாற்றும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. அதனால் உங்கள் உறுதிமொழி, குடிவரவு அலுவலகத்தில் நடக்கும் விழாவில் இல்லாமல் நீதிபதி முன் நடக்கும் விழாவில் இருக்கும். நீதிமன்றத் தேதிக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருக்கலாம்.

என் கருத்து: எஃப்என்யு இருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். கணவர், மனைவி, பிள்ளைகள் என்று ஒரே வீட்டில் மூன்று கடைசிப் பெயர் இருக்கிறது என்பதற்காக மட்டும் மாற்றுவதென்றால் யோசியுங்கள். ஊரில் பட்டா, வங்கிக் கணக்கு, பான் அட்டை எல்லாம் பழைய பெயரில் இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காலமெல்லாம் நிரூபிக்க வேண்டியிருக்கும். மாற்றினால் நீதிமன்ற ஆணையின் சான்றிட்ட நகல் மூன்று நாலு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்டர்வியூ பாஸ். இனிமே நான் சிட்டிசன்தானே?

இல்லை. உறுதிமொழியைச் சொல்லி முடிக்கும் வரை நீங்கள் கிரீன் கார்டுக்காரர்தான். அதுவரை வாக்காளராகப் பதியக் கூடாது, எந்தப் படிவத்திலும் குடிமகன் என்று குறிக்கக் கூடாது. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும் இடத்தில் "வாக்காளராகப் பதியட்டுமா?" என்று கேட்பார்கள், யோசிக்காமல் சரி என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு கையெழுத்து குடியுரிமையையே கெடுக்கும், நாடு கடத்தல் வரை போகலாம்.

தேறியவர்களுக்குச் சில ஊர்களில் அன்று மாலையே விழா வைத்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு என்-445 என்ற அழைப்புக் கடிதம் வரும். நேர்காணல் முடிந்து 120 நாள் ஆகியும் முடிவே வரவில்லை என்றால் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தை அணுகச் சட்டத்தில் இடம் உண்டு. அதை வழக்கறிஞர் இல்லாமல் செய்யாதீர்கள்.

விழா அன்னைக்கு என்னதான் நடக்கும்? எதெல்லாம் எடுத்துட்டுப் போகணும்?

என்-445 கடிதம், கிரீன் கார்டு, மறுநுழைவு அனுமதி இருந்தால் அது, ஓர் அடையாள அட்டை. கடிதத்தில் நேர்காணலுக்குப் பிறகு நடந்தவை பற்றிய கேள்விகள் இருக்கும்: வெளிநாடு போனீர்களா, கல்யாணம் அல்லது விவாகரத்து ஆனதா, கைதோ அபராதமோ உண்டா என்று. அதை விழா நாளன்றுதான் நிரப்ப வேண்டும். வேகமாக ஓட்டி அபராதச் சீட்டு வாங்கியிருந்தாலும் எழுதிவிடுங்கள். சீட்டால் ஒன்றும் ஆகாது, மறைத்தால்தான் ஆகும்.

என் விழாவைச் சொல்கிறேன். வாசலில் வரிசை. மேசையில் ஓர் அம்மா கிரீன் கார்டை வாங்கி, கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் தட்டில் போட்டார். அதில் ஏற்கெனவே நாற்பது ஐம்பது கார்டு கிடந்தது. பதினோரு வருடம் வரிசையில் நின்று வாங்கிய கார்டு, கைப்பையின் உள் பையிலேயே வைத்துப் பாதுகாத்தது, அரை நொடியில் போய்விட்டது. அதற்கு நான் தயாராக இல்லை. உள்ளே ஆளுக்கொரு சிறிய கொடி கொடுத்தார்கள். ஒவ்வொரு நாட்டின் பெயராக வாசிக்க, அந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் எழுந்து நின்றார்கள். என் பக்கத்தில் இருந்த எத்தியோப்பியப் பெண் தனியாக நின்றாள், எல்லாரும் கைதட்டினோம். இந்தியா என்றபோது நான்கு வரிசை எழுந்தது. பிறகு வலது கையை உயர்த்தி உறுதிமொழி, கொடி வணக்கம், ஒருவர் ஒருவராகச் சான்றிதழ். ஒன்றரை மணி நேரம் ஆனது.

உடை பற்றியும் கேட்கிறார்கள். ஜீன்ஸ், அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். புடவை, வேட்டி எல்லாம் தாராளமாக உடுத்தலாம். நான் கல்யாணப் பட்டுப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு போனேன்.

உறுதிமொழியில ஆயுதம் எடுப்பேன்னு வருதாமே? கடவுள் பேரச் சொல்லியே ஆகணுமா?

வருகிறது. இதுவரை குடிமகனாக இருந்த நாட்டின் மீதான விசுவாசம் முழுவதையும் துறக்கிறேன். அமெரிக்க அரசியல் சாசனத்தையும் சட்டங்களையும் எல்லாப் பகைவரிடமிருந்தும் காப்பேன். சட்டம் கேட்கும்போது ஆயுதம் ஏந்துவேன், அல்லது படையில் போரிடாத பணி செய்வேன், அல்லது நாட்டு முக்கியத்துவம் உள்ள குடிமைப் பணி செய்வேன். மனதில் எதையும் ஒளித்து வைக்காமல் இதைச் சொல்கிறேன். இதுதான் சாரம். கடைசியில் கடவுள் துணையை வேண்டும் வரி வரும்.

சமய நம்பிக்கையோ அதற்கு நிகரான ஆழ்ந்த கொள்கையோ ஆயுதத்தைத் தடுக்கிறது என்றால் அந்தப் பகுதியை நீக்கிய வடிவத்தைக் கேட்கலாம். கடவுள் பெயர் வரும் வரியையும் விட்டுவிடலாம். இதை மண்டபத்தில் வந்து சொல்லாமல் விண்ணப்பத்திலும் நேர்காணலிலும் சொல்லிவிடுங்கள். எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: முந்தின நாள் இரவு உட்கார்ந்து முழு உறுதிமொழியையும் தமிழில் உங்களுக்கு நீங்களே சொல்லிப் பாருங்கள். அங்கே போய் மற்றவர் வாயைப் பார்த்துச் சொல்கிற விஷயம் இல்லை இது.

அன்னைக்குப் போக முடியலன்னா?

கடிதத்தில் உள்ளபடி காரணத்தைச் சொல்லி வேறு தேதி கேளுங்கள். ஒரு தடவைக்கு மேல் சொல்லாமல் கொள்ளாமல் தவறினால் வேண்டாம் என்று விட்டுவிட்டதாக எடுத்துக்கொண்டு, கொடுத்த ஒப்புதலையே திரும்பப் பெற முனைவார்கள்.

சான்றிதழ்ல தப்பு இருந்தா பிறகு மாத்திக்கலாமா?

பிறகு என்பதே வேண்டாம். அந்த அறையை விட்டு வெளியே வரும் முன் பாருங்கள். பெயரின் ஒவ்வோர் எழுத்து, பிறந்த தேதி, உயரம், திருமண நிலை, முந்தைய நாடு, படம். என் சான்றிதழில் பிறந்த நாளும் மாதமும் இடம் மாறி இருந்தன. நாம் நாளை முதலில் எழுதுகிறோம், இவர்கள் மாதத்தை. எங்கோ ஒரு கட்டத்தில் யாரோ மாற்றிவிட்டார்கள். அங்கேயே சொன்னதால் ஒரு மணி நேரத்தில் புதிது தந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்திருந்தால் என்-565 என்ற விண்ணப்பமும் பல மாதக் காத்திருப்பும்தான்.

இந்தியப் பாஸ்போர்ட் இன்னும் ஏழு வருஷம் செல்லும். அதுல ஒரு தடவை ஊருக்குப் போயிட்டு வந்துடலாமா?

கூடாது. 1955-ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற கணமே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. யாரும் வந்து ரத்து செய்ய வேண்டியதில்லை. அந்தப் பாஸ்போர்ட்டில் அதற்குப் பிறகு பயணம் செய்தால் அபராதம் வரும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, குடியுரிமை துறந்த சான்றிதழ் வாங்க வேண்டும். அப்புறம்தான் ஓசிஐ, அதாவது வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை.

விழாத் தேதியை ஒட்டி ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டுத் தவிப்பவர்கள் நிறையப் பேர். கிரீன் கார்டு கையில் இல்லை, இந்தியப் பாஸ்போர்ட் செல்லாது, அமெரிக்கப் பாஸ்போர்ட் வரவில்லை என்று நடுவில் நிற்பார்கள். வீட்டில் யாருக்காவது உடல்நிலை சரியில்லை என்றால், விழாத் தேதியையே தள்ளிக் கேட்டுவிட்டுப் போய் வருவது மேல்.

நாங்கள் யாழ்ப்பாணம். எங்களுக்கும் இந்தச் சட்டம்தானோ?

இல்லை, இலங்கையில் இரட்டைக் குடியுரிமைக்கு வழி இருக்கிறது. ஆனால் தானாக வராது. விண்ணப்பித்து வாங்க வேண்டும். மற்ற நாட்டுக் குடியுரிமை பெறும் முன்பே தக்கவைத்துக்கொள்ளவும் கேட்கலாம், இழந்த பிறகு திரும்பப் பெறவும் கேட்கலாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவர் நாடாளுமன்ற உறுப்பினர் ஆக முடியாது என்று 2022-இல் வந்த இலங்கை அரசியலமைப்பின் 21-ஆம் திருத்தம் சொல்கிறது.

ஓசிஐ இருந்தா எல்லாம் பழையபடிதானே? நிலம் வாங்கலாமா, ஓட்டுப் போடலாமா?

ஓசிஐ குடியுரிமை இல்லை. காலம் முழுக்கச் செல்லும் விசா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டு இல்லை, தேர்தலில் நிற்க முடியாது, பொதுவாக அரசு வேலை இல்லை. வீடு, மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. ஆனால் தாத்தாவின் நஞ்சை பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். வாங்கும் எண்ணம் இருந்தால் இந்த முடிவை எடுப்பதற்கு முன்பே யோசிக்க வேண்டிய விஷயம் இது. வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கச் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைங்களுக்குத் தனியா அப்ளை பண்ணணுமா?

பிள்ளை 18 வயதுக்குக் கீழ், கிரீன் கார்டு உண்டு, உங்கள் பொறுப்பில் உங்களோடு இங்கே வசிக்கிறது என்றால், நீங்கள் உறுதிமொழி எடுத்த நொடியே அதுவும் குடியுரிமை பெற்றுவிடுகிறது. பாஸ்போர்ட் வாங்கினால் போதும். வேண்டுமானால் என்-600 வழியாகத் தனிச் சான்றிதழும் வாங்கலாம். பதினேழு வயதுப் பிள்ளை இருந்தால் நாளை எண்ணிக்கொண்டே இருங்கள். விழாவுக்கு முன் 18 ஆகிவிட்டால் முதல் கேள்வியில் சொன்ன வழியில் அதுவே தனியாக வர வேண்டும்.

வரி கூடுமா?

கிரீன் கார்டிலேயே உலக வருமானம் முழுவதற்கும் கணக்குக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அதுவேதான் தொடரும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் தெரிவிப்பதும் பழையபடியே.

சான்றிதழ் கைக்கு வந்ததும் முதல் வேலை என்ன?

பாஸ்போர்ட். டிஎஸ்-11 படிவத்தோடு நேரில் போக வேண்டும். பெரியவர்களுக்கு 130 டாலரும் ஏற்புக் கட்டணம் 35-ம். அசல் சான்றிதழைக் கொடுத்துவிட வேண்டியிருக்கும், தனித் தபாலில் திரும்பி வரும். அதற்கு முன் நகல் எடுத்து வையுங்கள். நகல் எடுப்பது குற்றம் என்று அதிலேயே எழுதியிருக்கிறதே என்று பயப்படுகிறார்கள். பாஸ்போர்ட் விண்ணப்பம் போன்ற சட்டப்படியான தேவைக்கு எடுக்கலாம். சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிவு மாறிவிட்டதா என்று பாருங்கள். வாக்காளராகப் பதியுங்கள், பல விழாக்களில் வாசலிலேயே படிவம் தருகிறார்கள். ஜூரி பணிக்கு அழைப்பு வந்தால் போங்கள். அதுவும் ஏற்றுக்கொண்டதில் சேர்த்திதான்.

இனி அம்மா அப்பாவுக்கு கிரீன் கார்டு உடனே வாங்கிடலாமே?

21 வயது நிறைந்த குடிமகன் பெற்றோருக்கு விண்ணப்பித்தால் ஆண்டு உச்சவரம்பு கிடையாது, வரிசை இல்லை. அண்ணன், தம்பி, அக்கா, தங்கைக்கும் போடலாம், ஆனால் அந்த வரிசை பத்து வருடத்துக்கு மேல்.

பெற்றோர் விஷயத்தில் முதலில் அவர்களைக் கேளுங்கள். கிரீன் கார்டு வாங்கினால் இங்கேதான் குடியிருக்க வேண்டும். வருடத்தில் பத்து மாதம் ஊரில் இருந்துவிட்டு வந்தால் விமான நிலையத்திலேயே கேள்வி வரும். ஆறு மாதம் வந்து பேரப்பிள்ளைகளோடு இருந்துவிட்டுப் போவதே போதும் என்றால் சுற்றுலா விசாவே பொருத்தம். நான் விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிவிட்டுத்தான் அம்மாவிடம் சொன்னேன். "மாடித் தோட்டத்துக்கு யார் தண்ணி ஊத்துறது?" என்றார். அந்த விண்ணப்பத்தை அப்படியே வைத்துவிட்டேன். வரும் மே மாதம் சுற்றுலா விசாவில்தான் வருகிறார்.